தேயிலைக்கு அப்பால்: கைப்பேசி போதும் என்பார்க்கு ஒரு மறுப்பு

கேமரன் மலைக்கு நடைப்பயணம் வருகிற நம் இளைஞர்களிடையேயும், அவர்களுக்கு யோசனை சொல்லும் பெரியவர்களிடையேயும் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி இமயமலைக்கும் அலாஸ்காவுக்கும் உரியது. தார்ச்சாலையும் தேயிலைத் தோட்டமும் தங்கும் விடுதியும் நிறைந்த இந்தப் பகாங் மலையில் அது வீண் ஆடம்பரம். கையிலே ஒரு கைப்பேசியும் முன்னே ஒரு வழிகாட்டியும் இருந்தால் போதும் என்பதே அது. இப்படிச் சொல்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிற் பலர் இம்மலையிலேயே பிறந்து, லயத்து வீடுகளில் வளர்ந்து, எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும் என்று அனுபவத்தால் உணர்ந்தவர்கள். அவர்களுடைய வாதங்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்தச் சிறு உண்மைகளையெல்லாம் கூட்டி அவர்கள் எட்டுகிற முடிவு பிழையானது என்றும், உயிரோடு சம்பந்தப்பட்ட பிழையை மரியாதை கருதி மௌனமாய் விட்டுவிடலாகாது என்றும் கருதுவதால், அவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய முற்படுகிறேன்.

"இது சிறிய மலை, மக்கள் வாழும் மலை, எங்கே நின்று கூப்பிட்டாலும் யாராவது கேட்பார்கள்" என்பது முதல் வாதம். சாலையிலிருந்து பார்ப்பவர்க்கு அப்படித்தான் தோன்றும். 1929-இல் தொடங்கிய போ தோட்டமும், சுங்கை பாலாஸ் சரிவுகளும், பின்னர் எழுந்த ஏனைய தோட்டங்களும் மலையைச் சீவிச் சீராக்கி, மனிதனுடைய கைக்கு அடங்கிவிட்ட நிலம் இது என்ற எண்ணத்தைக் காண்பவர் உள்ளத்தில் உண்டாக்கியிருக்கின்றன. ஆனால் தேயிலையின் கடைசி நிரைக்கும் காட்டின் முதல் மரத்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரு மண்பாதையின் அகலமே இருக்கிறது. சுங்கை பாலாஸைத் தாண்டிப் பிரிஞ்சாங் மலைமேல் ஏறுகிறவன், பலகை நடைபாதை முடிந்த சிறிது தூரத்திலேயே, வேரும் சேறும் பாசியும் பின்னிக் கிடக்கும் ஈராவ் மலைப்பாதையில் இருப்பான். 2,110 மீட்டர் உயரமுள்ள ஈராவ் உச்சி பகாங்கும் பேராக்கும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. வடக்கே புளூ வேலிப் பக்கத்திலிருந்து 2,181 மீட்டர் உயரமுள்ள யோங் பெலாருக்குச் செல்கிறவர்களோ, கடைசித் தோட்டத்துக் கூரையைப் பின்னே விட்ட பிறகு, தித்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பைப் பற்றிக்கொண்டு கோர்பு சிகரம் வரையில் நாட்கணக்காக ஒரு வீட்டையும் காணாமல் நடக்கக்கூடும். பாசியும் மூடுபனியும் குரலை விழுங்கிவிடும் இக்காட்டில், நூறு அடிக்கு அப்பால் நிற்கிறவனுக்குக்கூட ஒரு கூக்குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை.

சிறிய மலை என்ற நம்பிக்கைக்கு 1967-ஆம் ஆண்டே பதில் சொல்லியிருக்கிறது. அவ்வாண்டு மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்க வணிகரான ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகிலுள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து, உடனிருந்தோர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த வேளையில், வெளியே நடந்து சென்றார். பிறகு அவரை யாரும் காணவில்லை. போலீசாரும் படைவீரரும் பூர்வகுடியினரும் தன்னார்வலரும் காட்டைச் சலித்துப் பார்த்தும் ஐயத்துக்கு இடமற்ற ஒரு தடயமும் அகப்படவில்லை. அவருக்கு நேர்ந்தது விபத்தா, கடத்தலா, வேறொன்றா என்ற விவகாரம் இன்றளவும் தீரவில்லை. அதைத் தீர்ப்பது இங்கே என் நோக்கமும் அன்று. போர்க்கால உளவுப்பணியில் பயிற்சி பெற்ற ஒரு மனிதர், ஊருக்கு அடுத்த ஒரு பங்களாவிலிருந்து நடந்து சென்றபோதே, தேடியவர்களுக்கு எத்திசையில் தொடங்குவது என்று காட்ட ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. தேடுதலின் பயன் தேடுவோர் தொகையைக் காட்டிலும், தேடவேண்டிய பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. மலை முழுவதையும் ஒரு குன்றின் சரிவாகச் சுருக்கித் தருவது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாங்கிய ஒரே ஒரு சிறு செய்தி.

இரண்டாவது வாதம் கைப்பேசியைப் பற்றியது. "தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அலைவரிசை நன்றாகக் கிடைக்கிறது, உச்சிகளிலும் சில இடங்களில் கிடைக்கிறது, அதற்குமேல் எதற்கு?" என்கிறார்கள். கோபுரங்கள் ஊருக்கும் சாலைக்கும் என்று நிறுவப்பட்டவை; அவற்றின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை; நடுவே ஒரு முகடு வந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழுகிறது. மனிதன் வழுக்கி விழுவதோ பெரும்பாலும் முகட்டிலன்று, ஓடைச் சரிவிலும் பள்ளத்திலுமே. அதாவது, எந்த இடத்தில் உதவி தேவையோ அந்த இடமே அலை எட்டாத இடமாக அமைகிறது. அன்றியும், அலை கிடைக்காத இடத்தில் கைப்பேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடித் தன் மின்கலத்தைத் தானே தின்றுவிடுகிறது. காலை முதல் படம் எடுத்து, வரைபடம் பார்த்து, பாட்டுக் கேட்டுக் களைத்துப்போன அந்தப் பேசி, மாலை மழையில் நனைந்த விரலுக்கு இணங்காமல் நிற்கும்போதுதான் அதனை நம்பி வந்தது எவ்வளவு அவசரமான முடிவு என்பது விளங்கும்.

"இப்போது கைப்பேசிகளே செயற்கைக்கோளோடு பேசுகின்றனவே" என்று இதற்கு மறுமொழி கூறுவார்கள். மெய்தான், 2022 நவம்பரில் ஐபோன் 14 அவ்வசதியை அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிவைத்தது. ஆனால் அச்சேவை நாடு நாடாக அனுமதி பெற்றுத் திறக்கப்படுவது. பேசிக்குள்ளே கருவி இருப்பதும், நிற்கிற நாட்டில் சேவை இருப்பதும் ஒன்றல்ல. விளம்பரத்தில் கண்டதை நம்பி மலையேறுமுன், மலேசிய மண்ணில் அது இயங்குமா என்று நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்வது ஒவ்வொருவருடைய கடமை.

மூன்றாவது வாதமே இவற்றுள் வலிமை மிக்கது. ஆகையால் அதனிடம் சற்று அதிகமாகத் தங்குவோம். "அடர்ந்த காட்டுக்குள் வானமே தெரிவதில்லை, வானம் தெரியாத இடத்தில் செயற்கைக்கோள் கருவி எப்படி வேலை செய்யும்?" என்று கேட்கிறார்கள். நனைந்த இலைத்திரள் இவ்வலைகளை வெகுவாக உறிஞ்சிவிடும் என்பதும், மலையிடுக்கில் வானத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பதும் முற்றிலும் உண்மை. கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் வரிசை, ஸோலியோ ஆகிய செய்திக் கருவிகள் நம்பியிருக்கிற இரிடியம் செயற்கைக்கோள்கள் அறுபத்தாறும், ஏறக்குறைய 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. அவற்றின் பாதைகள் துருவங்களில் நெருங்கிப் பூமத்திய ரேகையருகே விலகுகின்றன. எனவே, அந்த ரேகைக்கு நாலரைப் பாகை வடக்கேயுள்ள கேமரன் மலையின் வானத்தில் எந்நேரமும் ஒரு செயற்கைக்கோளாவது இருக்குமெனினும், வடநாடுகளில் இருப்பதுபோல் பல ஒருங்கே இரா. வருகிற ஒன்றும் சுமார் பத்து நிமிஷத்துக்குள் தொடுவானத்திலிருந்து தொடுவானத்துக்குக் கடந்துபோய்விடும்; முகடும் மரமும் வானத்தின் அடிப்பகுதியை மறைத்துவிட்டால், அது தலைக்கு மேல் வருகிற சில நிமிஷமே நமக்கு வாய்க்கும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அவர்களுடைய முடிவு அதிலிருந்து பெறப்படுவதில்லை. பேச்சுக்குத் தொடர்ச்சியான அலை வேண்டும்; எழுத்துச் செய்திக்கோ சில விநாடி இடைவெளி கிடைத்தால் போதும். ஒருமுறை போகாத செய்தியைக் கருவி தானே மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு செயற்கைக்கோள் போனால் அடுத்தது வரும். காட்டுக்குள் இது உடனே போகாது என்பதும், இங்கே இது போகவே போகாது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதற்கு மருந்து பொறுமை. ஓடையிலிருந்து முடிந்தால் முகட்டை நோக்கி நகர்ந்து, மரம் விழுந்து திறந்த வெளியாகிய இடத்தைத் தேடி, கருவியின் அலைவாங்கி வானை நோக்கும்படி நிறுத்தி, உடம்பால் மறைக்காமல், கால்மணி அல்லது அரைமணி நேரம் அசையாமல் வைத்திருந்தால் செய்தி பெரும்பாலும் சென்றுவிடும். சட்டைப் பையிலும் முதுகுப் பையின் அடியிலும் கருவியைப் புதைத்துவிட்டு அது வேலை செய்யவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. தோள்வாரின் மேற்புறமே அதற்கு உரிய இடம்.

இங்கேயே கருவித் தேர்வின் முதல் விதியும் விளங்குகிறது. இரிடியம் செயற்கைக்கோள்கள் தமக்குள்ளே செய்தியைக் கைமாற்றிக்கொள்ள வல்லவை. ஆதலால் அவற்றுக்கு அருகில் தரைநிலையம் இருக்கவேண்டுமென்பதில்லை. ஸ்பாட் என்ற பெயரால் விற்கப்படும் கருவிகள் நம்பியிருக்கும் குளோபல்ஸ்டார் முறையிலோ, நம் தலைமேல் வந்த செயற்கைக்கோள் அதே நேரத்தில் ஒரு தரைநிலையத்தையும் கண்டாக வேண்டும். இம்மலைக்கு முன்னதே தக்கது என்பது என் துணிபு.

நான்காவதாக, "காட்டை அறிந்த பூர்வகுடி மக்களும், வனத்துறையின் அங்கீகாரம் பெற்ற மாலிம் குனோங் வழிகாட்டிகளும் இருக்கையில் இயந்திரம் எதற்கு?" என்கிறார்கள். செமாய்ப் பூர்வகுடி மக்களுடைய வன ஞானத்தை மதிப்பதில் நான் எவருக்கும் பின்னிடேன். அனுமதியும் வழிகாட்டியும் இன்றி உயர்மலைக் காட்டில் புகுவதை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆனால் வழி அறிவதும், வெளியுலகுக்குச் செய்தி சொல்வதும் இரண்டு தனித்தனித் திறமைகள். இதற்கு இம்மலையின் மேற்குச் சரிவிலேயே ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943-இல், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கிய ஃபோர்ஸ் 136 என்னும் பிரிட்டிஷ் இரகசியப் படையினர், பீடோருக்கு மேலுள்ள காடுகளில், அக்காட்டை நன்கறிந்த கொரில்லாப் படையினரின் பாதுகாப்பில் முகாம் அமைத்திருந்தனர். உணவுக்கும் ஒளிவுக்கும் வழிக்கும் துணை இருந்தது. செய்திக்கு மட்டும் துணை இல்லை. சுமந்து செல்ல இயலாத எடையுள்ள வானொலிப் பெட்டிகளும், மின்சாரத்துக்குப் பட்ட பாடும் சேர்ந்து, இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு அவர்கள் தொடர்பு கொள்ள 1945-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் காக்கவைத்தன. அந்தப் பெட்டிகள் செய்யத் தவறிய வேலையை இன்று நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருள் செய்கிறதென்றால், அதை வழிகாட்டிக்குப் போட்டியாக எண்ணாமல் வழிகாட்டியின் கையிலேயே கொடுக்கவேண்டும். கால் முறிந்து விழுபவர் அந்த வழிகாட்டியாகவே இருக்கக்கூடும் என்பதையும், அப்போது வழி தெரியாத ஐந்தாறு பேர் அவரைச் சூழ்ந்து நிற்பார்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஐந்தாவது வாதம், "பொத்தானை அழுத்தினால் அமெரிக்காவில் யாரோ எடுப்பார்கள், ஈராவுக்கு யார் வரப்போகிறார்கள்?" என்பது. இன்ரீச்சின் அபாய அழைப்பு அமெரிக்காவிலுள்ள நிலையத்துக்குத்தான் முதலில் போகிறது. அங்கே இரவும் பகலும் விழித்திருப்போர், அழைப்பு வந்த இடத்தைக் கண்டு, அந்த நாட்டின் மீட்பு அதிகாரிகளுக்குத் தகவல் தருகிறார்கள். இங்கே வந்து சேர்பவர்கள் நம் தீயணைப்பு மீட்புப் படையினரும் போலீசாரும் வனத்துறையினரும் வழிகாட்டிகளுமே. ஹெலிகாப்டர் வானிலிருந்து இறங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பிற்பகல் மேகம் மூடிய மலையில் பெரும்பாலும் தூக்குப்படுக்கையும் மனிதத் தோளுமே மீட்பு வாகனங்கள். வருகிறவர்கள் காலால் வருகிறார்கள் என்பதாலேயே, என்ன காயம், எத்தனை பேர், நடக்க முடியுமா, போர்வை இருக்கிறதா என்பவற்றை முன்கூட்டி அவர்களுக்குத் தெரிவிப்பது பன்மடங்கு அவசியமாகிறது.

ஆகவே தேர்வின் இரண்டாவது விதி, பதில் பெறவும் வல்ல இருவழிக் கருவியையே கொள்ள வேண்டும் என்பது. 406 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் தனியாள் அபாயக் குறிகாட்டியை நான் இழிவாகக் கூறவில்லை. அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகள் 1979-இல் கூடித் தொடங்கிய காஸ்பாஸ்-சர்சாட் ஏற்பாட்டை நம்பியது அது; அந்த ஏற்பாடு 1982 முதல் உயிர் காத்து வருகிறது. குறிகாட்டியின் அலை வலியது. மாதச் சந்தா இல்லை. ஆனால் அது "ஆபத்து" என்பதையும் யார், எங்கே என்பதையும் தவிர வேறு எதையும் சொல்ல அறியாது. இம்மலையில் நேர்கிற இடர்களிற் பெரும்பாலானவை மரணத்தின் வாயிலில் நிற்பவை அல்ல. சுளுக்கிய கணுக்கால், இருட்டிவிட்ட பொழுது, பெருகிவிட்ட ஓடை, ஒருவர் பின்தங்கியதால் உண்டான தாமதம் ஆகியவையே அவை. "தாமதம், எல்லோரும் நலம், நாளைக் காலை இறங்குகிறோம்" என்ற செய்தி ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் ஒரு தாய்க்குப் போய்ச் சேர்ந்தால், அவள் 999-ஐ அழைக்கவேண்டியதில்லை, நள்ளிரவில் இருபது பேர் உயிரைப் பணயம் வைத்துச் சேற்றில் இறங்கவேண்டியதும் இல்லை. தேடுதலை நடத்த உதவுவது இக்கருவியின் ஒரு பயன். தேவையற்ற தேடுதலைத் தடுப்பது அதனினும் அடிக்கடி வாய்க்கும் பயன்.

ஆறாவது வாதம் செலவு. இன்ரீச் மினி 2 வெளிவந்த 2022-இல் அதன் விலை நானூறு அமெரிக்க டாலர், சந்தா வேறு. தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இது பெருந்தொகை என்பதை மறுப்பது கொடுமையாகும். ஆயினும் ஆளுக்கொன்று வேண்டுமென்று எவரும் கூறவில்லையே. பத்துப்பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று போதும். ஒரு மலையேற்றக் குழுவோ, தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ ஒன்றை வாங்கி, மலையேறும் மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, பொறுப்பான கைகளில் கொடுத்து வாங்கலாம். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, இது ஒன்றும் புதிய வித்தையன்று.

கடைசி வாதம், "கருவி கையில் இருந்தால் மனிதன் துணிச்சலுக்கு அடிமையாவான்" என்பது. இந்த எச்சரிக்கையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அது கருவியை விலக்குவதற்குக் காரணமாகாது, அதனைக் கிரமமாகப் பயன்படுத்தக் கற்பதற்கே காரணமாகிறது. புறப்படுமுன் வீட்டு முற்றத்திலிருந்தே ஒரு செய்தி அனுப்பி, அது சேர்ந்ததையும் பதில் வந்ததையும் கண்டு தெளிய வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எந்நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை எழுதி, ஊரில் விழித்திருக்கும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும்; கேட்பவர் இல்லாத கருவி பாதிக் கருவியே. தடம் காட்டும் வசதியைத் தொடக்கமுதலே இயக்கிவைத்தால், கருவி உடைந்தாலும் கடைசியாக இருந்த இடம் பதிவாகியிருக்கும். மரநிழலில் கருவிக்கு உழைப்பு அதிகமாதலால், இன்ரீச் மினி 2-க்கு நிறுவனம் கூறும் பதினான்கு நாள் மின்கல ஆயுளை நம்பாமல் துணை மின்கலம் ஒன்று கொண்டுசெல்ல வேண்டும். அடர்காட்டில் காட்டப்படும் இடம் பல பத்து மீட்டர் விலகக்கூடும். ஆகையால் ஓடையின் எப்பக்கம், முகட்டுக்கு மேலா கீழா என்பதைச் சொல்லாலும் எழுத வேண்டும். மீட்க வருகிறவர்களுக்கு விளங்கும்படி மலாயிலோ ஆங்கிலத்திலோ சுருக்கமாக எழுதப் பழக வேண்டும். அபாயப் பொத்தானை அழுத்திய பின் கருவியை அணைக்கலாகாது. அவ்விடத்தை விட்டு நகரலும் ஆகாது. நகர்ந்தே ஆகவேண்டுமானால் நகர்வதாகத் தெரிவிக்க வேண்டும். மழையங்கி, தலைவிளக்கு, உலர்ந்த மாற்றுடை, ஓரிரவுக்கான உணவு ஆகியவற்றுக்கு இது மாற்றாகாது. நனைந்த உடையோடு அந்த உயரத்து இரவைக் கழிப்பவனுக்கு, செய்தி சேர்ந்த பிறகும் உடற்சூடு காக்கவேண்டிய மணிகள் பல இருக்கின்றன.

மேலும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். இம்மலையில் பயன்பட்ட கருவியைப் பையில் மறந்து, யாத்திரைக்கோ உறவினரைக் காணவோ இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடலாகாது. அங்கே உரிமமின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வைத்திருப்பது குற்றம். இன்ரீச் வைத்திருந்த அயல்நாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டதுண்டு. மலேசியாவிலும், தகவல் தொடர்பு ஆணையத்தின் சான்று பெற்ற கருவியையே வாங்குவது முறை.

ஆக, சிறிய மலை, எட்டும் அலை, அடர்ந்த காடு, அறிந்த வழிகாட்டி, வாராத உதவி, தாங்காத செலவு, வளரும் துணிச்சல் என்று அடுக்கப்பட்ட காரணங்களுள் ஒன்றேனும் இருவழிச் செய்திக் கருவி வேண்டாம் என்ற முடிவைத் தாங்கி நிற்கவில்லை. அவற்றிற் சில, அக்கருவியை எப்படித் தேர்ந்து எப்படிக் கையாள்வது என்பதற்கு வழிகாட்டுகின்றன. காட்டுக்குள் போவதும் போகாதிருப்பதும் ஒவ்வொருவருடைய சுதந்திரம். ஆனால் நாம் திரும்பாத இரவில் நமக்காக மலையேறப் போகிறவர் ஒரு தீயணைப்பு வீரராகவும், ஒரு செமாய் முதியவராகவும், விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகவேண்டிய ஒரு தோட்டத் தொழிலாளியாகவும் இருக்கும்போது, நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வல்லவர்களாய்ப் போவது அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். அதனை ஆடம்பரம் என்று அழைப்பது அநியாயம்.